பொங்கல் லீவுக்கு வைத்த பலகாரத் தாம்பாளம்

 

காணும் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம், 1991-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் என்றுதான் வாய் வருகிறது. எல்லாருக்கும் நாற்பத்தைந்து வயது ஆகிறது, மூன்று பேருக்கு முன்மண்டை வழுக்கை. அவர்கள் எடுத்த படத்தில் என் முகத்தைவிட நடுவில் இருந்த பலகாரத் தாம்பாளம்தான் நன்றாக விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகப் போன் மேல் போன். "டீச்சர், வெளிய ஆர்டர் குடுத்தீங்களா?" என்கிறாள் ஒருத்தி. "சித்தி, எத்தனை பேர் சேர்ந்து செஞ்சீங்க?" என்கிறான் அக்கா மகன். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மகளின் பிறந்தநாளுக்கு இதேபோல் வைக்கவேண்டுமாம், அளவோடு எழுதி அனுப்பச் சொல்கிறாள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. முப்பத்தெட்டு வருஷம் வகுப்பில் கத்தியதில் அது போய்விட்டது. ஆகவே ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

யாரும் சேர்ந்து செய்யவில்லை. நான் அடுப்புப் பக்கம் போனது இரண்டே வேலைக்கு. சுண்டல் வேகவைத்துத் தாளித்தேன், கிழங்கு வேகவைத்தேன். எண்ணெய்ச் சட்டியை எடுக்கவே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தாம்பாளம்.

1983-இல் என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளைத் தாம்பாளம் அது. சீர்வரிசை தூக்கியதோடு பரணில் ஏறியது, சடங்கு, வளைகாப்பு என்றால் இறங்கும், மறுபடி ஏறிவிடும். முந்தின நாள் ராத்திரியே புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்துவிட்டேன். பித்தளையில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு ஆகாது. எலுமிச்சை பிழிந்ததோ மாங்காயோ நேராகப் பட்டால் களிம்பு ஏறிவிடும், தின்றவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் அடியில் வாழையிலை. இலையின் மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து, பென்சிலால் கோடு போடுவதுபோல் கத்திமுனையால் சுற்றி வெட்டிவிட்டால் வட்டமாக வந்துவிடும். வெட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் வெயிலில் போடுங்கள், துவண்டு படியும், கிழியாது. புளிப்பும் ஈரமும் உள்ளவற்றுக்கு எவர்சில்வர் கிண்ணம். அவ்வளவுதான்.

பிளாட்டில் இருக்கிறோம், தாம்பாளத்துக்கு எங்கே போக என்று கேட்பீர்கள். பெரிய எவர்சில்வர் தட்டு போதும். ஓரம் கொஞ்சம் உயர்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் சேவு எல்லாம் தரையில்தான்.

இனி என்னென்ன வைத்தேன் என்பது. ஒன்று மொறுமொறுப்பு, ஒன்று மெத்தென்று, ஒன்று இனிப்பு, ஒன்று பச்சையாக. இந்த நாலும் இருந்தால் தட்டு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மற்றதெல்லாம் நம் ஆசை.

மொறுமொறுப்புக்குச் சாத்தூர் காராச்சேவு. பன்னிரண்டு பேருக்கு நானூறு கிராம் வாங்கினேன், சரியாக இருந்தது. எங்கள் காலத்தில் சாத்தூர் என்றால் மூன்று நினைவுக்கு வரும்: சேவு, வெள்ளரிக்காய், பேனா நிப்பு. நிப்பு மாற்றிக்கொடுத்த பேனாவால்தான் நான் டீச்சர் டிரெயினிங் பாடக்குறிப்பு முழுவதும் எழுதினேன். சேவு வாங்கும்போது ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். சட்டென்று ஒடிந்தால் வாங்கலாம், வளைந்து ஒடிந்தால் நமத்துவிட்டது, கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

இனிப்புக்கு நம் கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது, சொல்லிக்காட்ட வகுப்பு இல்லையே என்று இருந்தது. அகலமான துண்டாக வாங்கினால் யாரும் முழுசாக எடுக்கத் தயங்குவார்கள், ஆகவே சிறு சதுரம். இருபத்தைந்து துண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வருகிற வீடாக இருந்தால் முழுக்கடலை உள்ள எதையும் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால் ஆபத்து. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டா என்றும் முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால் அதைத் தாம்பாளத்தில் சேர்க்காமல் வேறு அறையில் வைப்பதே நல்லது, தூள் மற்றதிலும் ஒட்டும்.

தூத்துக்குடியிலிருந்து வந்தவன் மக்ரூன் வாங்கி வந்தான். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது அது. பார்த்தால் தெரியாது. சைவக்காரர்கள் இருந்தால் வைக்கும்போதே வாய் திறந்து சொல்லிவிடவேண்டும். நான் சொன்னேன், இரண்டு பேர் கையை இழுத்துக்கொண்டார்கள். காற்றுப் பட்டால் பிசுபிசுத்துப்போகும் என்பதால் பொட்டலத்தைக் கடைசியாகத்தான் பிரிக்கவேண்டும்.

கருப்பட்டி மிட்டாய் கால் கிலோ. பாகு ஒழுகும், அதற்குத் தனிக் கிண்ணம். வந்த பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரை. "கருப்பட்டிதானே டீச்சர், ஒண்ணும் செய்யாது" என்று நாலாவதுக்குக் கை நீட்டியவனைத் தட்டி உட்காரவைத்தேன். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அறிவியல் பாடமும் நான்தானே எடுத்தேன், எங்கே கோட்டைவிட்டேனோ தெரியவில்லை.

மெத்தென்றதுக்குச் சுண்டலும் பனங்கிழங்கும். கறுப்புக் கொண்டைக்கடலை கால் கிலோவை முந்தின ராத்திரி ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு குக்கரில் ஆறு விசில். கடுகு, கறிவேப்பிலை, வற்றல் தாளித்து இறக்கியாயிற்று. தேங்காயை அப்போதே போட்டுவிடாதீர்கள். காலையில் போட்ட தேங்காய் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும். துருவி பிரிட்ஜில் வைத்திருந்து, ஆட்கள் வாசலில் செருப்புக் கழற்றும்போது தூவினால் போதும். பனங்கிழங்கு தை மாதத்தை ஒட்டிய பருவம் தவிர மற்ற நாளில் நினைத்தாலும் வராது. மஞ்சள்தூளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டு, நார் உரித்து விரல் நீளத்துக்கு ஒடித்து வைத்தேன். சென்னையில் இருக்கும் பிள்ளைகள் முதலில் கை வைத்தது அதில்தான்.

பச்சையாக, கொய்யாவும் வெள்ளரியும். கொய்யா ஒரு கிலோ, வெள்ளரி அரைக் கிலோ. இரண்டையும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் நறுக்கவேண்டும். ஆப்பிள் வைப்பதாக இருந்தால் எலுமிச்சைச்சாறு கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் கறுக்காது. நான் ஆப்பிள் வைக்கவில்லை. தை மாதத்தில் கொய்யா இருக்கும்போது ஆப்பிள் எதற்கு? ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பும் மிளகாய்த்தூளும்.

ஒன்பதாவது ஒன்று இருந்தது. இலந்தைப்பழம். அதைப் பார்த்ததும் எழுந்த கூச்சலைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். பள்ளி வாசலில் சாக்கு விரித்து இலந்தைப்பழமும் கொடுக்காப்புளியும் விற்ற ஆச்சியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வகுப்பில் தின்றால் நான் பிடுங்கி மேசை டிராயரில் போடுவேன். "அன்னைக்கு எங்கிட்ட புடுங்கினத எல்லாம் இன்னைக்கு வட்டியோட தரணும் டீச்சர்" என்று ஒருவன் கிண்ணத்தையே தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மின்வாரியத்தில் அதிகாரியாக இருக்கிறான். பிடுங்கியதை எல்லாம் நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. தின்றுவிட்டேன்.

ஒன்பதுக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் போனால் அது கண்காட்சி ஆகிவிடும், எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாரும் சேவையே எடுப்பார்கள்.

அடுக்குவதுதான் எல்லாரும் கேட்டது. எப்படி டீச்சர் இவ்வளவு அழகாக வந்தது என்று. பாதி உங்களுக்கே தெரிந்ததுதான். புள்ளி வைக்காமல் யாராவது சிக்குக்கோலம் போடுவார்களா? கிண்ணங்கள்தான் புள்ளி. இலை விரித்ததும் முதலில் வெறும் கிண்ணங்களை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் வேண்டாம், முக்கோணமாக. எனக்கு நாலு கிண்ணம் இருந்தது. சுண்டல், கருப்பட்டி மிட்டாய், இலந்தை மூன்றும் முக்கோணத்தின் மூலைகளில், உப்பு மிளகாய் நடுவில். கிண்ணம் நின்றபிறகு மற்றது தானாக இடம் பார்த்துக்கொள்ளும்.

மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு லோடு வண்டி டிரைவர். அவனும் 1991 வகுப்புதான். அன்றைக்கு மற்றவர்களுக்கு முன்னால் நாலு மணிக்கே வரச்சொல்லியிருந்தேன். நான் சேவை முதலில் கொட்டப்போனேன். "டீச்சர், பெரிய உருப்படி மொதல்ல ஏத்தணும். சிறுசு எல்லாம் இடுக்குக்கு. சிறுச மொதல்ல போட்டா பெருசுக்கு எடமே இருக்காது, போட்டாலும் ஆடும்" என்று என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டான். கிண்ணங்களுக்குப் பக்கத்தில் கொய்யா, வெள்ளரியை விசிறிபோல் சாய்த்து அடுக்கினான். அதை ஒட்டிப் பனங்கிழங்கை விறகு அடுக்குவதுபோல் அடுக்கினான். எதிர்ப்பக்கம் கடலைமிட்டாயும் மக்ரூனும். மிஞ்சிய இடுக்கிலெல்லாம் சேவு. ஒரு இடத்தில்கூட இலை தெரியவில்லை. ஆனால் வெள்ளரிக்குப் பக்கத்தில் சேவு போகக்கூடாது, ஈரத்தில் நமத்துப்போகும் என்பதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நடுவில் பனங்கிழங்கை வரப்பு மாதிரி நிறுத்தினோம். வெள்ளரி ஈரம் இந்தப் பக்கம், சேவு அந்தப் பக்கம்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. டிரெயினிங்கில் சார்ட் தயாரிக்கச் சொல்லித்தருவார்கள்: ஒரே நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் தீட்டாதே, கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்று. சேவும் கடலைமிட்டாயும் ஏறக்குறைய ஒரே நிறம், இரண்டையும் ஒட்டி வைத்தால் தாம்பாளமே மண் மாதிரி இருக்கும். நடுவில் வெள்ளை மக்ரூன் வந்ததும் இரண்டும் எடுத்துக்காட்டியது.

ஆளுக்கொரு பாக்குமட்டைத் தட்டு, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கரண்டி. கரண்டியை மறக்காதீர்கள். எச்சில் கை என்று கூச்சப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. கரண்டி இல்லாவிட்டால் அவர்கள் எதையும் எடுக்கமாட்டார்கள், கேட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்பார்கள். சுக்குக்காபி போட்டுத் தரும் கடைக்காரரிடம் பிளாஸ்க்கைக் கொடுத்து நிறைத்து வாங்கிக்கொண்டேன். குடிதண்ணீரை ஹாலிலேயே வைத்துவிட்டேன். "தண்ணி எங்க இருக்கு" என்று ஒருத்தர் எழுந்தாலும் நாமும் எழுந்துவிடுவோம். நான் எழக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

படம் பார்த்து என் மதினியும் போன் பண்ணினாள். வயதில் என்னைவிட மூத்தவள், சொல்ல உரிமை உள்ளவள். "அம்புட்டுத் தூரத்துல இருந்து பிள்ளைக வந்திருக்கு, ஒரு வடை சுட்டுப் போட உனக்கு முடியலையா? எல்லாம் கடைச்சரக்கா?" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. மதினி இதைப் படிப்பாள், படிக்கட்டும்.

வடைக்கு நான் எதிரி இல்லை. சட்டியிலிருந்து எடுத்துச் சுடச்சுட வைக்கும் உளுந்துவடைக்கு முன்னால் என் தாம்பாளம் நிற்காது. அதை ஒத்துக்கொள்கிறேன். சுடுகிற ஆள் யார், அந்த நேரத்தில் அந்த ஆள் எங்கே இருப்பார் என்பதுதான் என் கணக்கு.

2018 மே மாதம் நான் ஓய்வுபெற்றேன். ஜூனில் இதே பிள்ளைகள் முதல்முறையாகச் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குப் பதினாலு பேர். அப்போது என் வீட்டுக்காரர் இருந்தார். உளுந்துவடை, வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, காபி. மூன்று மணிக்கு அடுப்படிக்குள் போனவள் ஐந்தரைக்கு வெளியே வந்தேன். வந்த பெண்பிள்ளைகளில் நாலு பேர் "நீங்க ஒத்தையில கஷ்டப்படுறீங்களே டீச்சர்" என்று என்னோடு வந்து நின்றுகொண்டார்கள். ஹாலில் ஆண்பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும். என்ன என்று நாங்கள் ஐந்து பேரும் எட்டிப்பார்ப்போம், அதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும்.

நாலு மணி இருக்கும், அடுப்படி நிலைப்படியில் ஒருவன் வந்து நின்றான். "டீச்சர், ஒரு நிமிசம்" என்றான். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நான் கண்டேன். "இருப்பா, இந்த ஈடு எடுத்துட்டு வாரேன்" என்றேன். நின்றான். அந்த ஈடு எடுத்து அடுத்த ஈடு போட்டேன். எண்ணெய் காய்ந்திருக்கும்போது விடமுடியுமா? அவன் இன்னும் நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சும்மாதான நிக்கிற, இதக் கொண்டு போய் எல்லாருக்கும் குடு" என்று பஜ்ஜித் தட்டை அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். நான் வெளியே வந்தபோது அவன் இல்லை. வாடகை வந்துவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். பதினாலு பேருக்கும் வயிறு நிறைந்தது, எனக்குப் பாராட்டு மேல் பாராட்டு. நான் யாரோடும் நாலு வார்த்தை பேசவில்லை.

அவன் யார் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

2020 ஊரடங்கில் அரிசி மூட்டை இறக்க ஒரு வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் அவன்தான். "சொந்தமா குட்டியானை வச்சிருந்தியே, என்னாச்சு" என்று கேட்டேன். விற்றுவிட்டேன் என்றான். முகக்கவசத்தோடு வாசல்படியில் உட்கார்ந்து சொன்னான். தெரிந்த ஒருவர் கடன் வாங்க இவனை ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். சும்மா சாட்சிக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். காகிதத்தைக் கொடுத்து மறுநாள் காலை கையெழுத்தோடு வரச்சொல்லியிருக்கிறார். அதைத்தான் அன்றைக்கு என்னிடம் எடுத்துவந்தான். "உங்ககிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லலாம்னுதான் வந்தேன் டீச்சர். ஹால்ல எல்லாரும் படிச்ச ஆளுக. அவங்க முன்னாடி நீட்ட கூச்சமா இருந்துச்சு" என்றான்.

மறுநாள் கையெழுத்துப் போட்டான். வாங்கியவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஜாமீன் போட்டவரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம் என்பது சட்டம். கேட்டார்கள். வண்டியை விற்றுக் கொடுத்தான். நான் அந்த ஒரு ஈட்டோடு அடுப்பை அணைத்திருந்தால், அந்தக் காகிதத்தைப் படிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அவனுக்கு ஏன் வாசிக்க வராது? அந்த நாளில் விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அந்த வண்டியில் போனவர்கள்தான். அவன் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வருவான். வந்த நாளில் கடைசி வரிசையில் தூங்குவான். ஐந்தாம் வகுப்பு முடிவில் அவனுக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பாஸ் போட்டு ஆறாம் வகுப்புக்கு அனுப்பினேன். நிறுத்தினால் படிப்பையே விட்டுவிடுவான் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் எப்படியும் விட்டுத்தான் விட்டான். கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவான். அதை நான்தான் பழக்கினேன், பலகையில் எழுதிப்போட்டு நாற்பது தடவை எழுதவைத்து.

அந்த ஊரடங்கிலேயே ஆரம்பித்தோம். முதலில் வாசல்படியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, பிறகு ஹாலில். வாரம் இரண்டு நாள், வாடகை இல்லாத சாயங்காலங்களில். செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் கையால் எழுதிய அட்டைகள் கொஞ்சம் வீட்டில் இருந்தன. பிறகு செய்தித்தாள், பஸ் போர்டு, மாத்திரை அட்டை, ரேஷன் கடை அறிவிப்பு. இடையில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வருஷம் ஆறு மாதம் நின்றுபோனது. அப்போதும் செவ்வாய்க்கிழமை வந்து வாசலில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவான்.

இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் வருகிறோம் என்று போன் வந்ததும் நான் முதலில் முடிவு செய்தது, அன்றைக்கு அடுப்பு மூடியிருக்கும் என்பதுதான். அதற்குப் பிறகுதான் பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கினேன். நாலே முக்காலுக்கு அதை ஹால் நடுவில் பாயின் மேல் வைத்தோம். பக்கத்தில் முழங்காலுக்காக எனக்கு ஒரு முக்காலி. எட்டு மணி வரைக்கும் நான் எழவில்லை. எத்தனை சேதி தெரியுமா? ஒருத்திக்கு மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஒருவன் வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லையாம், என்னிடமும் மற்றவர்களிடமும் அன்றைக்குச் சொன்னான். போன தடவை என்னோடு அடுப்படியில் நின்ற நாலு பெண்களில் ஒருத்தி, 1991-இல் நான் அவளைத் தப்பாக அடித்ததைச் சொன்னாள். சாக்பீஸ் எடுத்தது அவள் இல்லையாம். எடுத்தவன் அங்கேயே பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தான், அவனும் ஒத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்டேன். முப்பத்தைந்து வருஷ வழக்கு.

வெறும் தாம்பாளத்தில் கடைசியாக மிஞ்சியது கொஞ்சம் வெள்ளரியும் மக்ரூன் தூளும். அடுத்த தடவை வெள்ளரியைக் கால் கிலோவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சேவை அரைக் கிலோவாக்கினாலும் தப்பில்லை, நானூறு சரியாக இருந்தது என்று மேலே எழுதியது என் கணக்கு, அவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

இதில் அவனைப் பற்றி எழுதியிருப்பதால் போடுவதற்கு முன் அவனிடம் கேட்டேன். நேற்று சாயங்காலம் வந்தான். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் டீச்சர் என்று போனை வாங்கிக்கொண்டான். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் நகர்த்தி நகர்த்தி, உதடு அசைய அவனே வாசித்தான். ஐம்பது நிமிஷம் ஆனது. இரண்டு இடத்தில் மட்டும் என்னிடம் காட்டிக் கேட்டான். தீப்பெட்டி ஆபீஸ் வரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். முடித்துவிட்டு, "பேரு மட்டும் போட வேண்டாம் டீச்சர், மத்தது இருக்கட்டும். வகுப்புக்காரங்களுக்குத் தெரிஞ்சா தெரியட்டும்" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தவன் மறுபடி வாங்கி மேலே தள்ளிப் பார்த்தான்.

"பனங்கிழங்குக்கு உப்பு எவ்வளவுன்னு எழுதலையே டீச்சர். சுண்டலுக்கு விசில் எல்லாம் போட்டிருக்கீங்க" என்றான்.

விட்டுத்தான் போயிருக்கிறது. ஒரு கட்டு, இருபத்தைந்து கிழங்குக்கு, முழுகத் தண்ணீர் ஊற்றி, கல்லுப்பு ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன். குக்கர் என்றால் ஐந்து விசில். முற்றின கிழங்காக இருந்தால் இன்னும் இரண்டு.